மோதலக்கா சொன்ன ரேம்ப் வளைவு

“கட்டும்போது இதை ஒருத்தர்கூடவா பாக்கல?”

பக்கத்து வீட்டு அக்கா இப்படித்தான் என்னிடம் கேட்டார். புது மகப்பேறு மருத்துவமனையிலிருந்து தன் தங்கையையும் பிறந்த குழந்தையையும் அன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். பிரசவத்துக்கு மறுநாள் அங்கே லிப்ட் நின்றுபோனதாம். அதனால் தங்கையைக் கட்டிலோடு ரேம்ப் வழியாக இறக்கியிருக்கிறார்கள். கட்டில்களை உருட்டிக்கொண்டு போவதற்காகவே கட்டிய சாய்தளம் அது. ஆனால் அதன் வளைவில் தகரத்தால் செய்த பெரிய ஏசி டக்ட் ஒன்று தலைக்கு நேராகத் தொங்குகிறது. குளுக்கோஸ் ஸ்டாண்டு அதில் போய் இடித்தது. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே இறங்கியவர் இந்த அக்காதான். பாட்டிலைக் காப்பாற்றிவிட்டார். நெற்றியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் புடைப்போடு வந்து நின்றுதான் கேட்டார்.

பதில் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்த்தார், ஒருவர் பார்த்தார். கட்டும்போது அல்ல, கட்டுவதற்கு முன்பே பார்த்தார். பார்த்ததை வாய் வலிக்கச் சொன்னார். அவர் எங்கள் தெருக் கோடியில், மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிற்கும் வீட்டில்தான் குடியிருக்கிறார். அவரை எல்லாரும் மோதலக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

பேரைக் கேட்டுவிட்டு சண்டைக்காரி என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டாலும், “பரவாயில்லண்ணா” என்று வாங்கி வருகிற ஆள். அந்தப் பேர் அவருக்கு ஆபீஸில் வந்தது.

அவர் வேலை பார்த்தது ஒரு கட்டுமான நிறுவனத்தில். டிப்ளமோ முடித்த கையோடு டிராயிங் போட அங்கே சேர்ந்தார். முதலில் பலகையில் பேப்பர் ஒட்டிப் பென்சிலால், பிறகு கம்ப்யூட்டரில் கோடு கோடாக. அந்தக் காலத்து முறை எப்படியென்றால், தூணும் பீமும் ஒருவர் வரைவார். தண்ணீர்க் குழாயை இன்னொருவர் வரைவார். ஏசி டக்டை மூன்றாவது ஆள், மின்சார வயரை நாலாவது ஆள். நாலு பேரும் நாலு ஆபீஸில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு டிராயிங்கும் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திப்பது கட்டடம் பாதி எழும்பிய பிறகுதான். சம்பந்திகள் முதல்முறையாகப் பந்தியில் சந்தித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகும். குழாய் போக வேண்டிய இடத்தில் பீம் நிற்கும். டக்ட் போக வேண்டிய இடத்தில் குழாய் நிற்கும். பிறகு உடை, கட்டு, மறுபடி உடை.

இதற்கு மருந்தாக வந்ததுதான் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். சுருக்கமாக பிம் என்கிறார்கள். மோதலக்கா அதை மாடல் என்பார். மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிடுவது. வெறும் கோடு இல்லை. பீம் என்றால் அதன் ஆழம், அகலம், உள்ளே போகிற கம்பி எல்லாம் இருக்கும். குழாய் என்றால் அதன் விட்டம், சரிவு, எதனால் செய்தது என்பதுவரை இருக்கும். நாலு ஆபீஸ் வேலையையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எங்கே ஒன்று இன்னொன்றில் மோதுகிறதோ அந்த இடம் சிவப்பாக எரியும். மோதல் இல்லாத இடம் பச்சை.

இந்த முறையில்தான் வேலை நடக்க வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகக் குழு ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போட்டுவிட்டது. குழுவின் தலைவி ஒரு டாக்டரம்மா. நிறுவனம் உடனே கண்ணாடி அறை ஒன்றைக் கட்டியது. சுவர் அகலத்துக்கு ஒரு திரையை மாட்டியது. கதவில் ‘மாடல் ரூம்’ என்று எழுதியது. முதலாளியின் மனைவிக்குத் தம்பி ஒருவர் உண்டு. அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, அந்த அறைக்கு மேனேஜராகவும் ஆக்கியது. முதலாளி அவரை வாய் நிறைய “மச்சான்” என்று கூப்பிடுவார். ஆபீஸில் மற்றவர்களும் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே கூப்பிட்டார்கள். மச்சான் மேனேஜர் பயிற்சியிலிருந்து ஒரு சான்றிதழும் ஒரு தோள்பையும் கொண்டு வந்தார். பையைத் தினமும் கொண்டுவருவார். மாடலைத் திறக்கத்தான் தெரியாது.

திறக்கத் தெரிந்தவர் மோதலக்கா. யாரும் அவரைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய கம்ப்யூட்டரை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டார். அந்த மாதங்களில் சமையல் முழுக்க அவர் கணவர் பொறுப்பு. ஊரின் பழைய மருத்துவமனையில் அவர் கட்டில் தள்ளுகிற ஊழியர். “நான் தள்ளுறது கட்டில், நீ தள்ளுறது கம்ப்யூட்டர் எலி. ரெண்டு பேருக்கும் சாயந்தரம் கைதான் வலிக்குது” என்பார்.

மாடல் வளர வளர மோதலக்கா அதற்குள்ளேயே நடந்து திரிந்தார். பிரசவ அறையிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து ரேம்புக்கு, ரேம்பிலிருந்து வாசலுக்கு. இன்னும் இல்லாத கட்டடத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம். வாராவாரம் கூட்டத்தில் எழுந்து, “இங்க ஒரு மோதல் இருக்குது சார், அங்க ஒண்ணு இருக்குது சார்” என்பார். அப்படித்தான் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. முதலில் கேலி. பிறகு அதுவே பேராகிவிட்டது.

சின்ன மோதல்களைத் தீர்த்தார்கள். குழாயை ஒரு சாண் நகர்த்துவது யாருக்கும் வலிக்காத வேலை. வலித்தது ரேம்ப் வளைவுதான்.

அந்த வளைவுக்கு மேலே ஓர் ஆழமான பீம் வருகிறது. அதே உயரத்தில், அதே இடத்தில், மேல் வார்டுகளுக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் டக்டும் வருகிறது. டக்ட் நேராகப் பீமின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிற மாதிரி இருந்தது மாடலில். நிஜத்தில் தகரம் கான்கிரீட்டுக்குள் புகாது. வேறு போக்கிடமும் அந்த வளைவில் இல்லை. அப்படியே விட்டால், கடைசியில் டக்ட் போடுகிறவர் அதைப் பீமுக்குக் கீழே இறக்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார். கீழே ரேம்ப். ரேம்பில் கட்டில். கட்டிலில் அப்போதுதான் பிள்ளை பெற்ற ஒருத்தி.

தீர்வு கடினமானதல்ல. கான்கிரீட் போடும் முன்பே பீமைக் கொஞ்சம் அகலமாக்கி ஆழத்தைக் குறைத்துவிடலாம். பீமுக்குக் கணக்குப் போட்ட வடிவமைப்பாளர் கூட்டத்திலேயே ஒத்துக்கொண்டார்.

“மாத்தலாம். ஆனா எழுத்துல கேளுங்க. திரும்பக் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

மச்சான் மேனேஜர் பேனாவை எடுக்கவில்லை. “எழுத்துல போனா அது டாக்டரம்மா கண்ணுல படும் சார். மாடல்ல இவ்வளவு பெரிய தப்பான்னு கேப்பாங்க.”

“தப்பு மாடல்ல இல்ல சார். டிராயிங்ல இருக்குது. மாடல் அதைக் காட்டிக்கொடுக்குது, அவ்வளவுதான்” என்றார் மோதலக்கா.

“ரெண்டும் ஒண்ணுதானக்கா.”

“ஒண்ணா? கண்ணாடியில மூஞ்சி கறுப்பாத் தெரிஞ்சா, மூஞ்சியக் கழுவுவாங்களா, கண்ணாடியக் கழுவுவாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மேனேஜரும் சிரித்தார். சைட் இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எப்போதும் அவசரம். எதைச் சொன்னாலும் “ஆகட்டும், பாத்துக்கலாம்” என்பார். அன்றும் அதையே சொல்லிவிட்டு, “ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுக்கா. சைட்டுல வேலை நடக்கட்டும், அங்க வந்தா தானா அட்ஜஸ்ட் ஆயிடும்” என்று எழுந்துபோனார். அவருடைய சைட்டில் மாடலைத் திறந்து பார்க்க ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. மாதக்கணக்குக்கு முன்னால் அச்சடித்த பேப்பர் டிராயிங்கை வைத்துத்தான் அங்கே வேலை. மாடல் கண்ணாடி அறையில் ஏசியில் இருந்தது. கட்டடம் வெயிலில் வேறு ஒரு பேப்பரைப் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தது. இதற்குப் பெயர் புதிய முறை! மூக்குக்கண்ணாடியை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, ‘எங்களுக்குக் கண்பார்வை வந்துவிட்டது’ என்று ஊருக்கு அறிவிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மோதலக்கா அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டார். “ஏங்க, குளுக்கோஸ் ஸ்டாண்டு முழுசா ஏத்தி வெச்சா எவ்வளவு உசரம் வரும்?”

“என்னைவிட ஒரு முழம் கூட. எதுக்கு?”

“உங்கள மாடல்ல போடப் போறேன்.”

“தொப்பையோடவா?”

“வேணாம். அப்புறம் மோதல் சுவத்துலயும் வரும்.”

மறுநாள் மாடலுக்குள் ஒரு கட்டிலை வரைந்தார். அதில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்தார். குளுக்கோஸ் ஸ்டாண்டை நட்டார். நீலச் சட்டையும் மீசையுமாகக் கணவரைப் போலவே ஒருவரை அந்தக் கட்டிலைத் தள்ள வைத்தார். டக்டைப் பீமுக்குக் கீழே, நிஜத்தில் எங்கே தொங்கப்போகிறதோ அங்கே இறக்கினார். ஸ்டாண்டின் தலை டக்டில் குத்தி நின்றது. குழந்தைகூடப் பார்த்தால் புரிந்துகொள்ளும். அந்தப் படத்தை மச்சான் மேனேஜருக்கு அனுப்பினார்.

“சூப்பர்க்கா! உயிரோட்டமா இருக்குது” என்று பதில் வந்தது. அதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பிறகு டாக்டரம்மாவும் குழுவும் மாடலைப் பார்க்க வரும் நாள் வந்தது. காலையிலேயே மச்சான் மேனேஜர் மோதலக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அக்கா, இன்னைக்கு ஸ்கிரீன்ல சிவப்பே இருக்கக் கூடாது.”

“பீமை மாத்த எழுத்துல கேளுங்க சார். சிவப்பு தானாப் போயிடும்.”

“அதெல்லாம் அப்புறம். இப்ப பச்சையாக்குங்க.”

“பொய்யா ஆக்க மாட்டேன் சார்.”

“சரி, எழுந்திரிங்க.”

மச்சான் மேனேஜரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாடலில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எவ்வளவு தூரம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் மோதல் என்று கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை அதில்தான் குறிப்பார்கள். டாலரன்ஸ் என்பார்கள். மோதலக்கா அதில் விரல் தடிமன் அளவு வைத்திருந்தார். அதற்குக் குறைந்த உரசலைச் சைட்டில் சமாளித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் சிவப்பு. மச்சான் மேனேஜர் பயிற்சியில் முழுசாகக் கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒரு கட்டத்தைத்தான் போலும். அதில் இருந்த எண்ணை அழித்துவிட்டு ஒரு முழத்துக்கும் மேலான எண்ணை அடித்தார். அதாவது, ஒரு முழம் புகுந்தாலும் அது மோதலில்லை. திரையில் சிவப்பெல்லாம் ஒரு நொடியில் அணைந்தது. முழுக் கட்டடமும் வயல் மாதிரிப் பச்சையாக நின்றது.

“பாத்தீங்களா? இதுக்குப் போயி ரெண்டு மாசமா மூக்கால அழுறீங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஆள் ஒரு பீமையே பச்சை நிறத்தில் மறைத்துவிட்டார்.

டாக்டரம்மா வந்தார். திரையில் கட்டடம் சுழன்றது. மச்சான் மேனேஜர் கையில் ஒரு குச்சியோடு, “மோதல் பூஜ்ஜியம் மேடம், முழுக்க முழுக்கப் பச்சை” என்றார். குழுவினர் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து மோதலக்கா எழுந்தார்.

“மேடம், ரேம்ப் வளைவுல மட்டும் ஒரு...”

“அக்கா!” மச்சான் மேனேஜர் சிரித்த முகத்தோடு திரும்பினார். “மேடத்துக்கு டீ சொல்லிட்டு வாங்களேன்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா தன் கைபேசியை எடுத்துப் பேசத் தொடங்கியிருந்தார். மோதலக்கா வெளியே போய் டீ சொன்னார். திரும்பி வந்தபோது அறிக்கையில் கையெழுத்துகள் முடிந்திருந்தன. அதன் கீழ்வரியில், ‘மாடல் தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. யார் எண்ணை மாற்றினார் என்பதற்கு அந்த அறிக்கையில் இடமே இல்லை. கட்டத்தில் என்ன எண் இருந்தது என்பதற்கும் இல்லை.

சில வாரங்களில் கட்டட வேலியில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று ஏறியது. ‘உங்கள் நலனுக்காக, நாளைய தொழில்நுட்பத்தில்’ என்று எழுதியிருந்தது. படத்தில் நீலச் சட்டையும் மீசையுமாக ஒருவர் சிரித்தபடி கட்டில் தள்ளினார். ஸ்டாண்டு இருந்தது, படுத்திருந்த பெண் இருந்தார். தலைக்கு மேலே டக்ட் மட்டும் இல்லை. அழித்துவிட்டார்கள்.

அன்று மாலை கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். “ஏம்மா, ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பாத்து ஹீரோங்கிறானுங்க! அந்தப் பலகையில நிக்கிறது நான்தானே?”

“நீங்கதான்.”

“என் தலைக்கு மேல ஏதோ இடிக்கும்னியே, அது எங்க?”

“அதை எடுத்துட்டாங்க.”

“அப்பாடா. சரி பண்ணிட்டாங்களா?”

“படத்துலேர்ந்து எடுத்துட்டாங்க.”

கணவர் சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். அவர் லேசில் கோபப்படுகிறவர் இல்லை. “அந்தக் கட்டில்ல படுத்திருக்கிறவளுக்குத் தையல் போட்டிருக்கும். ஒரு குலுக்கு குலுக்கினா உயிர் போற மாதிரி வலிக்கும். வளைவுல நின்னு நின்னு தள்ள முடியாது. இதைக்கூடவா சொல்லணும் அவனுங்களுக்கு?” என்றார்.

“சொல்லிட்டேன். எதைக் காட்டிச் சொன்னேனோ, அதையே விளம்பரமா வெச்சிருக்காங்க” என்றார் மோதலக்கா.

ரேம்ப் வளைவுப் பீமுக்குக் கான்கிரீட் போடும் நாள் குறித்தாகிவிட்டது. போட்டுவிட்டால் முடிந்தது கதை. அதற்குள் பீமை மாற்ற வைக்க வேண்டும். வேறு எதுவும் அப்போது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. முதலாளியைப் பார்க்கப் போனார். “மச்சான்கிட்ட பேசுங்கம்மா” என்றார் முதலாளி. வடிவமைப்பாளருக்குப் போன் செய்தார். “எழுத்துல வரட்டும்மா” என்றார் அவர். தானே எழுதிக் கொடுத்தார். “இது நிறுவனத்து லெட்டர்ல, மேனேஜர் கையெழுத்தோட வரணும்மா” என்று திரும்பி வந்தது. டாக்டரம்மாவின் அலுவலகத்துக்குப் போனார். உதவியாளர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பூஜ்ஜியம்னு ரிப்போர்ட் வந்திருக்கே. நீங்க யாரு?” என்று கேட்டார்.

கான்கிரீட் நாளன்று காலையில் ஆபீஸுக்குப் போகாமல் நேராகச் சைட்டுக்குப் போனார். வளைவில் பலகை அடித்து, சென்ட்ரிங் முடிந்து, கம்பி கட்டித் தயாராக இருந்தது. கலவை வண்டி வாசலில் உருண்டுகொண்டிருந்தது. மோதலக்கா கையில் இருந்த படத்தை மேஸ்திரியிடம் காட்டினார். விளம்பரத்துக்காக மாற்றாத பழைய படம், டக்டில் ஸ்டாண்டு குத்தி நிற்கிற படம்.

மேஸ்திரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “எங்களுக்குக் குடுத்த பேப்பர்ல டக்டே இல்லம்மா. பீம் மட்டுந்தான் இருக்குது. நீங்க சொல்றது நிசம்னா நிறுத்தலாம். ஆனா சாரு வாயால வரணும். கலவை வண்டி ரொம்ப நேரம் நிக்காது, உள்ளயே இறுகிடும்.”

சைட் இன்ஜினியர் வந்தார். படத்தைப் பார்த்தார். முதல்முறையாக அவர் “ஆகட்டும்” என்று சொல்லவில்லை. பலகைக்குக் கீழே போய் நின்று கையை உயர்த்திப் பார்த்தார். பிறகு ஒதுங்கிப் போய் மச்சான் மேனேஜருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அதனால் மேஸ்திரி உட்பட எல்லாரும் கேட்டார்கள்.

“சார், மோதலக்கா வந்திருக்காங்க. ரேம்ப் பீம்ல பிரச்சினைங்கிறாங்க. பாத்தா நிசமாத்தான் தெரியுது.”

“என்னய்யா பிரச்சினை? மாடல் பாஸ் ஆயிடுச்சு. பூஜ்ஜியம். டாக்டரம்மா கையெழுத்து இருக்குது. கம்ப்யூட்டரே பச்சைங்குது, அவங்க சிவப்புங்கிறாங்களா?”

“அந்தப் பச்சை நீங்க போட்ட பச்சை சார்!” என்று மோதலக்கா கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

“அக்கா, கீழ உங்க பேர்தான் இருக்குது. நீங்க தயாரிச்ச மாடல். தப்புன்னா தப்பு பண்ணது நீங்க. எழுதிக் குடுத்துடவா? வண்டி நிக்குது. போடச் சொல்லுய்யா.”

வேலிக்கு ஓணான் சாட்சி. தானே அணைத்த சிவப்பு, தானே போட்ட பச்சை, அதையே கொண்டுவந்து சாட்சிக்கூண்டில் ஏற்றினார். எந்தக் கருவி தப்பைக் காட்டிக்கொடுக்க வந்ததோ அதையே தப்புக்கு நற்சான்று கொடுக்க வைத்துவிட்டார். மாடல் இல்லாத காலத்தில் மோதலக்கா வந்து சொல்லியிருந்தால், அந்த இன்ஜினியர் அரை நாள் யோசித்தாவது இருப்பார். இப்போது யோசிக்கவே இடமில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதே!

சைட் இன்ஜினியர் மோதலக்காவைப் பார்க்காமல் கையை அசைத்தார். மேஸ்திரி, “மன்னிச்சுக்கம்மா” என்று மட்டும் சொன்னார். கலவை இறங்கியது. மோதலக்கா கடைசிவரை அங்கேயே நின்றார். அதிர்வுக் கருவியைக் கலவைக்குள் விட்டு விட்டு எடுத்தார்கள். மேற்பரப்பை மட்டப்பலகையால் தேய்த்து வழித்தார்கள். மிகச் சுத்தமான வேலை என்று மோதலக்காவே சொல்கிறார். தப்பான பீமை அவ்வளவு நேர்த்தியாகப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அவர் சொன்னபடியே நடந்தது. டக்ட் மாட்டுகிறவர் வந்தார், பீமைப் பார்த்தார், கீழே இறக்கினார், போய்விட்டார்.

கட்டடத்தை ஒப்படைப்பதற்குச் சில நாள் முன்பு டாக்டரம்மா சுற்றிப் பார்க்க வந்தார். ரேம்ப் வளைவில் நின்றார். டக்டில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட நாடாவைச் சுற்றி, ‘தலை கவனம்’ என்று ஒரு அட்டையும் ஒட்டியிருந்தார்கள். டாக்டரம்மா உயரமானவர். அவர் நெற்றிக்கு நேரே அந்த அட்டை இருந்தது.

“இது என்ன?”

“மாடல் போட்ட அம்மா கவனிக்காம விட்டுட்டாங்க மேடம்” என்றார் மச்சான் மேனேஜர், துளியும் கூசாமல். மோதலக்கா அங்கேதான் நின்றிருந்தார்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன் மேடம். நீங்க வந்தன்னைக்கு எழுந்து நின்னு சொன்னேன்.” மோதலக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். “டீ சொல்லச் சொன்னாங்க.”

டாக்டரம்மாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. “மாடலைக் காட்டுங்க” என்றார். கண்ணாடி அறையில் மோதலக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கட்டத்தில் இருந்த எண்ணை அழித்து, பழைய விரல் தடிமனை அடித்தார். திரை முழுக்கச் சிவப்பு திரும்பி வந்தது. ரேம்ப் வளைவு மட்டுமல்ல, பச்சையாக்கிய பிறகு மாடலில் சேர்ந்த புது மோதல்களும் வந்தன. மருந்து அறைச் சுவருக்குள், கழிவுக்குழாய்ப் பாதையில், கூரைக்கு மேலே என்று அம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்தது.

இன்னும் பூசி மூடாத இடங்களில் இருந்ததையெல்லாம் டாக்டரம்மா பிடிவாதமாகச் சரி செய்ய வைத்தார். இனி எந்த அறிக்கை வந்தாலும் டாலரன்ஸ் எவ்வளவு, யார் வைத்தது என்பது முதல் வரியில் வர வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். ஆனால் பீம் பீம்தான். நாலு மாடியைத் தாங்குகிற கான்கிரீட்டைச் சுரண்ட முடியாது. டக்டைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டுமானால் வேலை முடிந்த மேல் வார்டுகளை மறுபடி உடைக்க வேண்டும். “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார்கள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

மச்சான் மேனேஜருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ‘மாடல் முறையில் கட்டிய அனுபவம்’ என்று இந்த மருத்துவமனையைக் காட்டி அந்த நிறுவனம் இன்னொரு மருத்துவமனையைப் பிடித்துவிட்டது. நீலச் சட்டைக்காரரின் படம் அங்கேயும் வேலியில் ஏறியிருக்கிறதாம். மோதலக்கா அங்கிருந்து விலகிவிட்டார். இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் மாடல் போடுகிறார். சேரும்போது அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தக் கட்டத்தில் அவரைக் கேட்காமல் யாரும் கைவைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக்கொண்டு மோதலக்கா வீட்டுக்குப் போனபோது அவர் இவ்வளவையும் சொன்னார். நெற்றிப் புடைப்பை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னை மன்னிச்சுடுங்கக்கா” என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ ஏண்டி மன்னிப்புக் கேக்குற? கேக்க வேண்டியவன் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?” என்றார். சமையலறையிலிருந்து கணவர், “அப்படிச் சொல்லுங்க!” என்று குரல் கொடுத்தார்.

கேட்க வேண்டியவர் கேட்கப்போவதில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. புது முறை வந்தால் தப்பெல்லாம் தானாக ஓடிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பி நாம் எல்லாரும் கைதட்டுகிறோம். அந்த முறை ஒரு விளக்கு. விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவனை விளக்கு என்ன செய்யும்?

உங்கள் ஊரிலும் எங்காவது ஒரு படியில், ஒரு வளைவில், ஒரு வாசலில் மஞ்சள் கறுப்பு நாடா சுற்றியிருக்கும். அங்கே தலையைத் தடவிக்கொண்டு நிற்கிற ஆளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீடோ பள்ளிக்கூடமோ கட்டப்போகிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று யாராவது அவரிடம் காட்டினால், கைதட்டும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “எவ்வளவு இடிச்சா சிவப்பாகும்னு வெச்சிருக்கீங்க?”